சட்டைக்குக் கால் கிலோ

மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். மளிகைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது ஆகாது என்று முதலாளி அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு அவரே வாசலில் நின்று பால் வண்டிக்காரரோடு கத்திக்கொண்டிருப்பார். அதனால் அவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் கோபத்தில் பாதி ஒரு இயந்திரத்தின் மேல்தான். சத்து அட்டை தேய்க்கிற இயந்திரம். வருமானம் குறைந்த வீட்டில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அரசாங்கம் ஒரு அட்டை கொடுக்கிறது. அதில் பணம் ஏறாது, பொருள்தான் ஏறும். மாதாமாதம் இத்தனை பால், இத்தனை முட்டை, பருப்பு, சத்துமாவு. நல்ல திட்டம்தான். ஆனால் பொருளில் ஒரு எழுத்து மாறினாலும் இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. ஒரு லிட்டர் பால் என்று இருந்தால் ஒரு லிட்டர் பாக்கெட்தான் வேண்டும். அரை லிட்டர் இரண்டு எடுத்து வந்தால் அதன் கண்ணுக்கு அது பாலே இல்லை. கடை முழுவதும் கேட்கிற மாதிரி 'கீ' என்று ஒரு சத்தம் போடும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கையில் குழந்தையோடு நிற்கிற பெண் என்னவோ திருடிவிட்ட மாதிரி குனிந்துகொள்வாள். எனக்கு அந்த இயந்திரத்தைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருக்கும்.

அந்த வரிசையில் வந்து எனக்குப் பழக்கமானவள்தான் அவசரம்.

அது அவள் பெயரில்லை. சலவை நிலையத்தில் வைத்த பெயர். எங்கள் கடைக்குப் பின்தெருவில் பெரிய ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவை நிலையம் இருக்கிறது. அங்கே படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு ஒரு பக்கம் சூடான உருளைக்குள் விடுவார்கள், மறுபக்கம் காய்ந்து விறைப்பாக வெளியே வரும். வருவதைப் பிடித்து மடிப்பது இவள் வேலை. மற்றவர்கள் ஒன்று மடிப்பதற்குள் இவள் அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். மெதுவாகச் செய்யச் சொன்னால், "அவசரம் சார், அவசரம்" என்பாளாம். மேற்பார்வையாளர் அதையே பெயராக்கிவிட்டார். அம்மா வயிற்றிலும் அவள் நாள் முழுதும் தங்கவில்லை, குறைமாதத்திலேயே வந்துவிட்டவள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். படிப்பையும் அப்படித்தான் பாதியில் விட்டாள். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், வீட்டில் அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள், இவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிற வயதில் இருந்தாள். அன்றைக்கு மடிக்க ஆரம்பித்த கை இன்னும் நிற்கவில்லை. என் கல்லா ஓரத்தில் கசங்கிக் கிடக்கிற பைகளைக்கூடப் பேசிக்கொண்டே நீவி மடித்து அடுக்கிவிட்டுப் போவாள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது அவள் வராத நாளில் பைகளைப் பார்த்தால்தான் எரிச்சல்.

புருஷன் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கிற நாளில் தூங்குவார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அதில் இவர்கள், பெரிய மகள், அப்புறம் நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்தவர். இவள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தங்கமான மனுஷி. வாய் மட்டும்தான் பிரச்சினை. தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது அவர் வாய்க்கு வந்து சேர்ந்து, கைகால் முளைத்துத்தான் வெளியே போகும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவசரம் கடைக்கு வந்து ஒற்றை முட்டை வாங்குவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உனக்கு சத்து அட்டை இல்லையா?"

"அது ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்கு இல்லையாக்கா?"

"ஓ, நீ பங்களாவுல இருந்து வர்றியா? கார் எங்க நிறுத்தியிருக்கே?"

சிரித்துவிட்டாள். ஆனால் அட்டை வாங்கவில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போனால் சம்பளத்துக்குச் சான்று வேண்டும், குடியிருப்புக்குச் சான்று வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் எழுத்தில் எதுவும் தர மாட்டேன் என்றார், தந்தால் வரி கட்ட வேண்டுமாம். நான்தான் அவரிடம் போய் நின்றேன். அவர் எங்கள் கடையில் கடன் வைத்திருப்பவர். அதற்கு மேல் நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. சான்று வந்தது. அட்டையும் வந்தது. முதல் தடவை அதைத் தேய்த்துவிட்டு அவள் அந்த முட்டைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். முழுத் தட்டு. அன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

பிள்ளையும் அவளைப் போலவே அவசரமாகத்தான் வந்தது. குறைமாதம். பார்க்க எலிக்குஞ்சு மாதிரி இருக்கும், அதற்கு அப்பா வைத்த செல்லப் பெயர் குண்டு. அப்படிக் கூப்பிட்டாலாவது உடம்பு தேறாதா என்ற ஆசைதான். குண்டுவுக்குச் சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் வாந்தி, இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. அரசு மருத்துவர் பார்த்துவிட்டு ஒரு தனிப் பால்மாவு எழுதிக் கொடுத்தார். சிவப்பு மூடி போட்ட டின். விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் விற்கிறவள், எனக்கே நம்ப முடிவதில்லை. ஆனால் அட்டையில் அது இலவசமாக ஏறியது. அதைக் குடித்துத்தான் குண்டு கண் விழித்துச் சிரிக்க ஆரம்பித்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள், என் கல்லா மேசையில் உட்கார்ந்து ரசீதுச் சுருளை இழுத்து நாசம் பண்ணினாள்.

அட்டை தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு ஒரு தடவை பிள்ளையைச் சத்து மையத்துக்குக் கொண்டுபோய் எடை பார்க்க வேண்டும். மையம் ஒரு பழைய மண்டபத்தில் இருக்கிறது. உயரமான கூரை, உடைந்த ஜன்னல், குளிர்காலத்தில் வெளியில் இருப்பதைவிட உள்ளேதான் அதிகம் குளிரும். அங்கே எடை பார்க்கிற அம்மாவை எல்லோரும் எடைக்காரம்மா என்பார்கள். கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். ஆனால் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதை நான் பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளையை அம்மணமாக வைத்துத்தான் எடை பார்க்க வேண்டும் என்பது விதி. கை எவ்வளவு பருமன் என்று நாடா வைத்தும் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் பச்சைப் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி நிறுத்த யாருக்கு மனசு வரும்? எடைக்காரம்மாவே ஒரு வழி வைத்திருந்தார். குளிர்காலம் முடியும்வரை சட்டையோடு நிறுத்தலாம், வருகிற எடையில் சட்டைக்குக் கால் கிலோ கழித்துக்கொள்வார். நாடா அளவு வெயில் வந்த பிறகு. நல்ல மனசில் செய்ததுதான். அதில்தான் எல்லா வினையும் வந்தது.

அவசரத்துக்கு எடை பார்க்கிற நாள் என்றாலே பயம். ஒவ்வொரு தடவையும் எடைக்காரம்மா, "ஏறலையேம்மா, ஏறணுமே, ஏறணும்" என்று சொல்வாராம். வேறு விளக்கம் கிடையாது, பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது விளக்க நேரமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை வாங்கப் போகிற மாதிரி போய், தோற்றுப்போன முகத்தோடு திரும்பி வருவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் ஒரு செய்தியோடு வந்தார். எதிர்க் கட்டடத்தில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை எடை குறைந்துகொண்டே போனதாம். ஒரு நாள் சத்து மையத்து ஜீப் வந்து நின்றதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லையாம். அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறதாம்.

"வளர்க்கத் தெரியலன்னு கவர்மெண்டே எடுத்துக்குது" என்றாராம் நாத்தனார். "புள்ளையக் கண்ணும் கருத்துமா பாத்துக்கோ, அவ்வளவுதான் சொல்வேன்."

இதை அவர் என்னிடம் சொல்லியிருந்தால் அங்கேயே நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. தெருவில் மற்ற எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த எடை நாளுக்கு மறுநாள் அவசரம் கடைக்கு வந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, குண்டு பாஸ்! எடைக்காரம்மா சிரிச்சாங்கக்கா. அவங்களுக்குப் பல்லு இருக்குன்னே நேத்துத்தான் தெரிஞ்சுது."

"பரவாயில்லையே! என்ன கொடுத்தே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, எப்பவும் கொடுக்கிறதுதான்" என்றாள். பார்வை பைகள் பக்கம் போய்விட்டது. ஒவ்வொன்றாக எடுத்து நீவினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் புத்தி மழுங்கிவிடும்.

எப்போதும் போல மூன்று சிவப்பு டின் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். லேபிள் எல்லாம் என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். அட்டையைத் தேய்த்தேன். 'கீ' என்றது. அட்டையைச் சட்டைக் கையில் துடைத்து மறுபடி தேய்த்தேன். மறுபடி 'கீ'. பாலைத் தேய்த்தால் ஏறியது, முட்டை ஏறியது, பருப்பு ஏறியது. டின் மட்டும் இல்லை. இயந்திரம் துப்பிய சீட்டை எடுத்துப் படித்தேன்.

"சிறப்புப் பால்மாவு நிறுத்தப்பட்டதுன்னு போட்டிருக்கு. புள்ளை எடை போதுமாம்."

அவள் முதலில் சிரித்தாள். "ஆமாக்கா, அதான் சொன்னேனே, பாஸ்." பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "அப்ப டின்னு?"

"டின்னு எடை குறைஞ்ச புள்ளைங்களுக்குத்தானே கொடுக்கிறாங்க. உன் புள்ளைதான் தேறிடுச்சே. இனி சாதாரணப் பால் குடிக்கலாம்னு விட்டிருப்பாங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் அந்த ஆளைப் பார்த்த பார்வையில் அவர் பெருமூச்சைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருப்பார். அவசரம் மூன்று டின்னையும் தூக்கிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே வைத்தாள். அப்போதும் லேபிள் முன்னால் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுத்தான் போனாள். குண்டு மட்டும் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வருவது குறைந்தது. நாத்தனார்தான் வந்தார். உப்பு வாங்கினார், சோப்பு வாங்கினார், கூடவே ஊர்க்கதை. போகிற போக்கில் சொன்னார்:

"கடைசி டின்ன என் தம்பி பொண்டாட்டி என்னமா இழுத்து இழுத்துப் போடுறா தெரியுமா? மத்தவங்களா இருந்தா எப்பவோ காலி. ஒரு கரண்டி மாவு, ஒரு செம்புத் தண்ணி. சாமர்த்தியக்காரி."

அவர் பாராட்டித்தான் சொன்னார். முதலாளியிடம் தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சாயங்காலமே மூன்று மாடியும் ஏறினேன். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கும்போது என் கோபம் இரண்டு மடங்கு.

குண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். கடையில் பார்த்த குண்டு இல்லை. கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டவில்லை. பக்கத்தில் பால் புட்டி இருந்தது, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"என்னடி இது? பாலா இது? அரிசி களைஞ்ச தண்ணி இதைவிட வெள்ளையா இருக்கும். புள்ளையக் கொல்லப் பாக்கறியா?"

"கத்தாதீங்கக்கா, பெரியவ படிக்கிறா."

"கத்துவேன்! சாதாரணப் பாலைக் கொடு, இல்லைன்னா மையத்துல போய்க் கேளு. தேறின புள்ளைக்கு ஏன்டி இப்படி ஆச்சு?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். ஓட்டலில் ஓரம் கிழிந்துவிட்டது என்று கழித்துப் போட்டது. நல்ல தடிமனான குளியல் துண்டு. என் கண் முன்னாலேயே ஒரு நொடியில் அதை எட்டாக மடித்துக் காட்டினாள்.

"இதை வயித்துல சுத்திக் கட்டினேன். மேல ரெண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட். கால் கிலோ எப்படியும் கழிச்சுடுவாங்க, கழிச்சதுக்கு அப்புறமும் நிக்கணும்ல?" என்றாள். "மொதல்ல துண்ட நனைச்சுக் கட்டலாம்னுதான் நெனச்சேன். ஈரத்துணி எப்படிக் கனக்கும்னு எனக்குத் தெரியும்ல. அப்புறம் புள்ளைக்குச் சளி புடிச்சுக்குமேன்னு விட்டுட்டேன்."

சிரிப்பதா ரெண்டு வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ஜீப் கதை வெளியே வந்தது. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. எடை குறைந்தால் பிள்ளையை எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து கனமாக்கிக் காட்டினாள், கனமாகக் காட்டியதால் பிள்ளைக்கு இருந்த பாலும் நின்றது. சாதாரணப் பாலையும் கொடுத்துப் பார்த்தாளாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு.

"நாளைக்கே போய்ச் சொல்லு. பொய் சொல்லிட்டேன், மறுபடி எடை பாருங்கன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா? பொய் சொன்னவளுக்கு அட்டை எதுக்குன்னு புடுங்கிக்குவாங்க. அதோட புள்ளை இப்ப முன்னைவிட இளைச்சிருக்கு. ஜீப்ப வரச் சொல்லுவாங்க." குண்டுவை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். "அட்டையும் போயி, புள்ளையும் போயி, நான் எதை மடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், சொல்லுங்கக்கா."

ஜீப் கதை பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கும் எதுவும் தெரியாது. ரொட்டிக் கடைக்காரர் வீடு பூட்டிக் கிடந்தது நிஜம்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் புட்டியில் இருந்த தண்ணீரும் நிஜம். "நான் கூட வர்றேன்" என்றேன். "ஜீப் வந்தா மொதல்ல என் மேல ஏத்திட்டுப் போகட்டும்." இதைச் சொன்னபோது பெரிய வீராங்கனை மாதிரி இருந்தது. கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினேன்.

அந்த வார எடை நாளன்று அவள் வேலையை வேறொருத்தியோடு மாற்றிக்கொண்டாள், நான் லீவு போட்டேன். மண்டபத்தில் நல்ல கூட்டம். பெஞ்சுகளில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் பொம்மைக் கரடி மாதிரி புஸ்ஸென்று உப்பிக்கொண்டு, கையை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தன. குளிர்தானே என்று நினைத்தேன். முன்னால் மேசை, அதன் மேல் தட்டு வைத்த எடை இயந்திரம், எண் சிவப்பாக எரிகிற மாதிரி. பின்னால் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். அந்த வட்டாரத்திலேயே பிள்ளைகள் வேகமாக எடை கூடிய மையம் இதுதானாம். மேலிடத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.

எடைக்காரம்மாவிடம் பேசுவதற்காக நான் வழியெல்லாம் ஒரு உரையே தயாரித்து வைத்திருந்தேன். விளக்கிச் சொல்லாதது உங்கள் தப்பு, பெற்றவளைப் பயமுறுத்தி வைத்திருப்பது உங்கள் தப்பு என்று. அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்டதும் முதல் வரியே மறந்துவிட்டது. எங்கள் முறை வந்தது.

"இது போன தடவை தேறின புள்ளையாச்சே" என்றார் எடைக்காரம்மா. "உனக்கு இப்ப தேதி இல்லையேம்மா. ஏன் வந்தே?"

நான் அவசரத்தை முழங்கையால் இடித்தேன். அவள் பேசுவதற்குப் பதிலாகக் குண்டுவை மேசையில் நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். சட்டையைக் கழற்றினாள். கடைசி வரைக்கும் கழற்றினாள். அந்தக் கை எப்போதும் போல வேகமாகத்தான் போனது. கையில் கொண்டுவந்திருந்த துண்டைப் பிரித்து மேசையில் போட்டாள்.

"போன தடவை இது உள்ள இருந்துச்சு" என்றாள். "எட்டா மடிச்சு. புள்ளை தேறல. நான்தான் தேத்திக் காட்டினேன்."

எடைக்காரம்மா இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். குண்டுவைத் தூக்கித் தட்டில் வைத்தார். சிவப்பு எண் ஓடி, நின்றது. ஆறரை கிலோவுக்குக் கீழே. கை நாடாவையும் எடுத்துச் சுற்றிப் பார்த்தார், பார்த்துவிட்டு அதைச் சுருட்டக்கூட மறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"கொறைஞ்சா எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு சொன்னாங்க." அவசரத்துக்கு இப்போது அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். "ரொட்டிக் கடைக்காரர் புள்ளைய ஜீப்புல எடுத்துட்டுப் போனீங்கல்ல? திரும்பவே வரலல்ல? என் புள்ளைய எடுக்காதீங்கம்மா. அட்டைய வேணா எடுத்துக்கோங்க. நான் பொய் சொன்னவதான். புள்ளைய எடுக்காதீங்க."

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

எடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனோம்" என்றார். "அம்மாவும் கூடத்தான் ஜீப்புல வந்தா. அங்கேயே தங்கி, புள்ளை நல்லாத் தேறி, ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனாங்க. அவ புருஷனுக்கு வேற இடத்துல வேலை கிடைச்சு, வீட்டையும் மாத்திட்டாங்க. யாரு உனக்கு இப்படிச் சொன்னது?"

நான் கூரையைப் பார்த்தேன். நாத்தனாரைக் காட்டிக்கொடுக்கிற இடம் அது இல்லை. அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"எடை குறைஞ்சா யாரும் புள்ளைய எடுத்துட்டுப் போக மாட்டாங்க." இப்போது அவர் அவசரத்திடம் மட்டும் பேசவில்லை, குரல் மண்டபத்தின் கடைசிவரைக்கும் போனது. "எடை குறைஞ்சா பாலைக் கூட்டித்தான் கொடுப்போம். அதுக்குத்தான் எடை பாக்கிறதே. அட்டையும் போகாது. கேக்குதா எல்லாருக்கும்?"

பிறகு பின் பெஞ்சிலிருந்து ஜாக்கெட் ஜிப் இறங்குகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்ன வயசுப் பெண், முகத்தைத் தூக்காமலே, தன் மகனுடைய ஜாக்கெட்டுக்கு உள்ளே இருந்த இன்னொரு ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையின் வயிற்றிலிருந்து ஒரு போர்வையை உருவினாள், அது வந்துகொண்டே இருந்தது. ஒரு இளம் தகப்பன், பெண்டாட்டிக்கு வர முடியவில்லை போலிருக்கிறது, மகளின் பையிலிருந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்து அசட்டுச் சிரிப்போடு பெஞ்சில் வைத்தார். ஒருத்தி பிள்ளையின் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளே இருந்து இரும்பு நட்டுகள் கொட்டின. எங்கே பார்த்தாலும் ஜிப் சத்தம், பொத்தான் சத்தம். கரடி மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு எலிக்குஞ்சு.

நாத்தனாரின் வாய் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் தயாரித்து வந்த உரையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. எடைக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் தலைக்கு மேலேதான் அந்தப் பாராட்டுப் பத்திரம் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

அவசரத்துக்குக் கழற்றிக் கிடக்கிற துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. குண்டுவுக்குச் சட்டையைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். உபரியாகக் கிடந்த போர்வை, துண்டு, ஸ்வெட்டர், இரண்டாவது ஜாக்கெட் எல்லாவற்றையும் எடுத்து நீவி மடித்து அடுக்கினாள். சாவிக்கொத்தையும் பூட்ஸையும் நட்டுகளையும் மேலே வைத்தாள். அடுக்கு அவள் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. இறக்கி வைக்க வேறு இடமில்லை. மேசையில் காலியாக இருந்த ஒரே இடம் எடைத் தட்டுதான். அதில் வைத்தாள்.

சிவப்பு எண் ஓடியது. ஓடி, ஏழரையில் நின்றது.

நான் குண்டுவைக் கையில் வைத்திருந்தேன். அந்த எண்ணையும் பார்த்தேன். இவளைவிட ஒரு கிலோவுக்கு மேல் அதிகம். எடைக்காரம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, அடுக்கின் மேலே இருந்த முதல் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார்.

"யாருதும்மா இது? எடை பாத்ததும் போட்டு விடுங்க" என்றார். "புள்ளைங்களுக்குக் குளிருது."